டென்மார்க்கின் நான்கு விலக்குகள்: அடையாளம், குடியேற்றம், படை

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்ப்பவர்கள் தேசிய அடையாளம், குடியேற்றம், வெளியுறவு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறார்களே, அந்த எதிர்ப்பின் வேர் வெளிநாட்டவர் மீதான வெறுப்புத்தானா என்பது முதற்பகுதி. அப்படியானால், 2022-இல் டென்மார்க் மக்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையில் சேர்ந்துகொண்டதை மனமாற்றமாகக் கொள்ளலாமா என்பது இரண்டாவது. இரண்டுக்குமே என் விடை எதிர்மறையானது. டென்மார்க்கில் இந்த மூன்று விவகாரங்களும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தரப்பினரால், வெவ்வேறு அச்சங்களை முன்வைத்துக் கிளப்பப்பட்டவை. ஒரு காரணத்துக்காகக் கேட்டுப் பெற்ற விலக்கு (ஒன்றியத்தின் ஒரு கொள்கையில் சேராமல் இருக்கும் உரிமை), பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து முற்றிலும் வேறொரு காரணத்துக்குப் பயன்பட்டிருக்கிறது. இதைக் காணாமல் டேனியர்களின் ஐரோப்பிய ஐயத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

டென்மார்க் 1973 ஜனவரி 1 அன்று, இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் உறுப்பு நாடானது. முந்தைய ஆண்டு அக்டோபர் 2-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 63.3 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்திருந்தனர். அதற்கு ஒரு வாரம் முன்புதான் நார்வே மக்கள் மறுத்திருந்தனர். டேனியர்களை உள்ளே இழுத்தது ஐரோப்பியக் கனவு அன்று. அவர்களுடைய பன்றியிறைச்சியையும் வெண்ணெயையும் பெருமளவில் வாங்கிவந்த பிரிட்டன் உள்ளே போகிறது, தாங்கள் வெளியே நின்றால் சந்தை கைவிட்டுப் போய்விடும் என்ற கணக்குத்தான் முதன்மையானது. ஐரோப்பிய விவகாரங்களைக் கவனித்த நாடாளுமன்றக் குழுவுக்கே நெடுங்காலம் சந்தைக் குழு என்றுதான் பெயர் இருந்தது. 1986-இல், பொதுச் சந்தையை முழுமையாக்கும் ஒற்றை ஐரோப்பியச் சட்டம் மக்கள் முன் வைக்கப்பட்டபோது, இதற்கு ஆதரவளித்தால் அரசியல் ஒன்றியம் என்ற பேச்சே செத்துப்போகும் என்று பிரதமர் பவுல் ஷ்லுட்டர் உறுதியளித்தார். ஆறே ஆண்டுகளில், ஐரோப்பிய ஒன்றியம் என்ற பெயரையே தாங்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துடன் அதே பிரதமர் அதே மக்கள் முன் வந்து நின்றார். 1992-இன் மறுப்பில் பாதியை இந்த ஒரு செய்தி விளக்கிவிடும் என்பேன்.

இறைமை அதிகாரங்களைப் பன்னாட்டு அமைப்பு ஒன்றுக்கு ஒப்படைக்கும் எந்தச் சட்டத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஆறில் ஐந்து பங்கினரின் ஆதரவு வேண்டும், அது கிட்டாவிட்டால் மக்களிடம் போக வேண்டும் என்று டேனிஷ் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு விதிக்கிறது. அதன்படி 1992 ஜூன் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் 50.7 விழுக்காட்டினர் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை நிராகரித்தனர்; வேறுபாடு ஏறத்தாழ 47,000 வாக்குகள். பெரிய கட்சிகளும் பெரும்பாலான நாளேடுகளும் ஒரே குரலில் ஆதரவு கேட்டும் மக்கள் இணங்கவில்லை. (அதே மாதம் 26-ஆம் நாள், யுகோஸ்லாவியாவுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட டேனிஷ் கால்பந்து அணி இறுதியாட்டத்தில் ஜெர்மனியை வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தட்டிச் சென்றது. அந்தக் கோடையில் அந்நாட்டு மக்களுக்கு இருந்த தெம்பை இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.)

அந்த வாக்கெடுப்பில் பேசப்பட்ட அச்சங்கள் எவை? ஐம்பது லட்சம் பேர் பேசும் மொழியும், வரிப்பணத்தில் நடக்கும் நலவாழ்வு அரசும், பெரிய நாடுகளின் கூட்டரசு ஒன்றில் கரைந்துவிடும் என்ற அச்சம். 1864-இல் ஜெர்மானியரிடம் ஷ்லெஸ்விக் பகுதியை இழந்ததையும் 1940 ஏப்ரல் 9 அன்று ஒரே காலையில் ஜெர்மானியப் படையால் நாடு ஆக்கிரமிக்கப்பட்டதையும் மறவாத சமுதாயத்துக்கு, அப்போதுதான் ஒன்றிணைந்திருந்த ஜெர்மனியைப் பற்றி இருந்த அச்சம். ஐரோப்பியப் படை ஒன்று உருவாகிவிடும் என்ற இடதுசாரிகளின் அச்சம். இவற்றில் வெளிநாட்டவர் வருகை ஓர் ஓரத்தில்தான் இருந்தது. பின்னாளில் குடியேற்ற எதிர்ப்பின் அடையாளமாக மாறிய டேனிஷ் மக்கள் கட்சி அப்போது பிறக்கவே இல்லை. பியா கியர்ஸ்கோர் முதலானோர் அதைத் தொடங்கியது 1995-இல். இன்னொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். மூன்று ஆண்டுகள் குடியிருந்த எந்த நாட்டவருக்கும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை தரும் சட்டத்தை டென்மார்க் 1981-இலேயே இயற்றியிருந்தது. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் வந்த ஒன்றியக் குடியுரிமை என்ற சொல்லைக் கேட்டு 1992-இல் பதறிய அதே நாடுதான் அதற்கு 11 ஆண்டுகள் முன்பே துருக்கியருக்கும் பாகிஸ்தானியருக்கும் நகராட்சி வாக்குச்சீட்டைக் கொடுத்திருந்தது. அடையாள அச்சமும் குடியேற்ற அச்சமும் ஒன்றே என்பவர்களுக்கு இந்த ஆண்டுக் கணக்கு இடறும்.

மறுப்புக்குப் பின், நாடாளுமன்றத்தின் எட்டுக் கட்சிகளில் ஏழு கூடி அக்டோபரில் ஒரு தேசிய உடன்பாட்டை எட்டின. டிசம்பரில் எடின்பரோவில் கூடிய ஐரோப்பியத் தலைவர்களின் உச்சிமாநாடு அதை ஏற்று டென்மார்க்குக்கு நான்கு விலக்குகளை வழங்கியது: ஒன்றியக் குடியுரிமை, பொது நாணயம், பாதுகாப்புக் கொள்கை, நீதி மற்றும் உள்துறை. இவற்றோடு 1993 மே 18-இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தபோது 56.7 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். அன்றிரவு கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் மூண்ட கலவரத்தில் காவல்துறை சுட்டுப் பதினொரு பேர் குண்டுக்காயம் அடைந்தனர். அந்தக் கலவரக்காரர்களும் இடதுசாரித் தீவிரர்களே. குடியேற்றத்தை எதிர்த்தவர்கள் அல்லர்.

இந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் இடையில் ஓர் அரசு கவிழ்ந்தது; கவிழ்ந்ததற்குக் காரணம் ஈழத்தமிழர் குடும்பங்களின் விண்ணப்பங்கள். டேனிஷ் அரசியல் வரலாற்றில் அதற்குத் தமிழர் வழக்கு என்றே பெயர். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் இலங்கையிலிருந்து தப்பிவந்த தமிழர்கள் சில ஆயிரம் பேர் டென்மார்க்கில் புகலிடம் பெற்றனர். 1983-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின்படி, ஏற்கப்பட்ட அகதி தன் துணையையும் வயதுவராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்வது சலுகையன்று, உரிமை. ஆனால் 1987-இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழர்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நகர்த்தாமல் வைத்திருக்குமாறு அதிகாரிகளைப் பணித்தார். இலங்கையில் அமைதி திரும்பப்போகிறது என்ற எதிர்பார்ப்பு அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டதை யாழ்ப்பாணத்தில் காத்திருந்த மனைவிமாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் மாற்றப்படவில்லை, நாடாளுமன்றத்துக்குச் சொல்லப்படவுமில்லை, கோப்புகள் மட்டும் அசையவில்லை.

1989-இல் நாடாளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி இதைக் கண்டித்தார். மூடி மறைக்கப்பட்டது எதுவுமில்லை என்று பிரதமர் ஷ்லுட்டர் அவையில் சொன்னார். உச்ச நீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹொர்ன்ஸ்லெட் நடத்திய விசாரணையின் ஏறத்தாழ 6,000 பக்க அறிக்கை 1993 ஜனவரி 14 அன்று வெளியானதும், பத்தாண்டுக்கு மேல் ஆண்ட ஷ்லுட்டர் பதவி விலகினார். அப்போது ஐரோப்பியச் சமூகத்தின் சுழல்முறைத் தலைமையே டென்மார்க்கிடம் இருந்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் பவுல் நீருப் ராஸ்முசன் புதிய அரசை அமைத்தார். எடின்பரோ உடன்பாட்டை மக்களிடம் கொண்டுபோனவர் அவர்தான். 1992-இல் மறுத்தவர்களுள் பெரும்பகுதியினர் அவருடைய கட்சியின் வாக்காளர்கள் என்பதால், வலதுசாரிப் பிரதமர் கேட்டபோது கிடைக்காத ஆதரவு தம் கட்சிப் பிரதமர் கேட்டபோது கிடைத்தது என்று கருத இடமுண்டு. அந்த அளவில், மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கரையேறியதில் கிடப்பில் போடப்பட்ட தமிழர் விண்ணப்பங்களுக்கும் ஒரு மறைமுகப் பங்கு இருக்கிறது. நின்-ஹான்சன் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, 1995-இல் நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றார்.

அந்தத் தனி நீதிமன்றம் அதன்பின் ஒரே ஒருமுறைதான் கூடியிருக்கிறது. புகலிடம் கோரி வந்த இணையர்களில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவராயிருந்தால், விசாரணை ஏதுமின்றி அவர்களைப் பிரித்துவைக்குமாறு 2016-இல் பணித்த முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டோய்பெர்குக்கு 2021 டிசம்பரில் 60 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டில் இரண்டே வழக்குகள். இரண்டுமே குடும்பங்களைப் பிரித்துவைத்த குடியேற்ற நடவடிக்கைகள் பற்றியவை. இரண்டிலும் அமைச்சரைத் தடுத்தது பிரஸ்ஸல்ஸிலுள்ள ஒன்றியம் அன்று, டேனியர்களின் சொந்தச் சட்டமும் சொந்த நிறுவனங்களும்தான். குடியேற்றக் கடுமை தேசியத்தின் பக்கம், உரிமைப் பாதுகாப்பு ஐரோப்பாவின் பக்கம் என்று பிரித்துப் பேசும் வழக்கம் இந்த இடத்தில் செல்லாது.

இனி விலக்குகளுக்கு வருவோம். நீதி–உள்துறை விலக்கின் பொருள் 1993-இல் மிகச் சிறியது. அன்று அத்துறையில் நடந்த ஒத்துழைப்பு அரசுகளுக்கு இடையிலானது. ஒவ்வொரு நாட்டுக்கும் மறுக்கும் அதிகாரம் இருந்ததால் டென்மார்க் முழுமையாகவே பங்கேற்றது. அந்த அதிகாரம் பிற்காலத்தில் ஒன்றியத்தின் கைக்கு மாறினால் தாங்கள் கட்டுப்பட மாட்டோம் என்பது மட்டுமே விலக்கின் உள்ளடக்கம். 1999-இல் நடைமுறைக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் புகலிடத்தையும் குடியேற்றத்தையும் அவ்வாறே மாற்றியது. 2009-இல் லிஸ்பன் ஒப்பந்தம் காவல்துறை ஒத்துழைப்பையும் குற்றவியலையும் சேர்த்து மாற்றியது. அதுவரை உறங்கிக்கிடந்த பிரிவு அப்போதுதான் விழித்தது. விழித்த வேளையில் உள்நாட்டு அரசியலும் மாறியிருந்தது. 2001 நவம்பர் தேர்தலில் ஆனர்ஸ் ஃபோக் ராஸ்முசன், டேனிஷ் மக்கள் கட்சியின் ஆதரவை நம்பி ஆட்சி அமைத்தார். அடுத்த ஆண்டே, வெளிநாட்டுத் துணையை அழைத்துவர இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும், இருவருக்குமான பிணைப்பு வேறு எந்த நாட்டையும்விட டென்மார்க்குடன் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. இறைமை பற்றிய சட்ட நுணுக்கமாக 1992-இல் எழுதப்பட்ட விலக்கு, இந்த விதிகளுக்கு அரணாகிவிட்டது.

அரண் என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும் அதில் ஓட்டைகள் உண்டு. விலக்கு புகலிடச் சட்டத்துக்குத்தான். ஒன்றியக் குடிமக்களின் தடையற்ற நடமாட்டம் சந்தைச் சட்டத்தைச் சேர்ந்தது, டென்மார்க் அதற்கு முழுதும் கட்டுப்பட்டது. ஆகவே 24 வயது விதியால் தடுக்கப்பட்ட டேனியர்கள், 2000-இல் திறக்கப்பட்ட ஓரெசுண்ட் பாலத்தைக் கடந்து சுவீடனின் மால்மோவில் வீடெடுத்து, துணையை அங்கே வரவழைத்து, வேலைக்கு மட்டும் கோபன்ஹேகன் வந்துபோனார்கள். தொலைக்காட்சியில் அரசு கடுமை பேசிக்கொண்டிருக்க, மாலை ரயிலில் இந்த ஏற்பாடு அமைதியாக நடந்தது. 2008 ஜூலையில் அயர்லாந்து தொடர்பான மெட்டொக் வழக்கில் ஒன்றிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இந்த வழியை மேலும் அகலமாக்கியது. 2016-இல் வேறொரு திசையிலிருந்து அடி விழுந்தது. பிணைப்பு விதியிலிருந்து நெடுநாள் குடிமக்களுக்கு மட்டும் தரப்பட்டிருந்த தளர்வு பாகுபாடானது என்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றம் ஒன்றியத்தின் உறுப்பே அன்று; எடின்பரோவில் பெற்ற எந்த விலக்கும் அதன் முன் நிற்காது. 2025 மே மாதம் டென்மார்க்கும் இத்தாலியும் முன்னின்று ஒன்பது நாடுகளின் தலைவர்கள் வெளியிட்ட கடிதம் அந்த நீதிமன்றத்தின் விளக்கங்களைக் குறிவைத்ததற்குப் பின்னணி இதுதான்.

2015 டிசம்பர் 3 வாக்கெடுப்பு, குடியேற்றம் இந்த விலக்கை எவ்வளவு ஆழமாகப் பற்றிக்கொண்டது என்பதற்குச் சான்று. முழு விலக்கை, வேண்டியதில் மட்டும் சேர்ந்துகொள்ளும் அயர்லாந்து முறைக்கு மாற்றலாமா என்பதே கேள்வி. தேவையாக இருந்தது காவல்துறைக் கூட்டமைப்பான யூரோபோலில் தொடர்வது. புகலிடக் கொள்கையில் சேரவே மாட்டோம் என்று ஆதரவுக் கட்சிகள் எழுதியே கொடுத்தன. ஆனால் அந்தச் செப்டம்பரில்தான் அகதிகள் யூட்லாந்தின் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடந்துபோவதை நாடே பார்த்திருந்தது. ஜூன் தேர்தலில் டேனிஷ் மக்கள் கட்சி 21.1 விழுக்காடு பெற்று இரண்டாம் இடத்தைப் பிடித்திருந்தது. 53.1 விழுக்காட்டினர் மறுத்தார்கள். அதனால் 2017 மே முதல் டென்மார்க் யூரோபோலின் உறுப்பினர் அன்று. தனி உடன்பாட்டின் வழியே, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலையில் நிற்கிறது. புகலிட விண்ணப்பத்துக்கு எந்த நாடு பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கும் டப்ளின் விதிகளில் மட்டும், தனக்கு ஆதாயம் என்பதால், 2006 முதல் இணை உடன்பாடு ஒன்றின் மூலம் பங்கேற்கிறது.

இதன்பின் நடந்தது பலர் எதிர்பாராதது. மெட்டே ஃபிரெடெரிக்சன் தலைமையில் சமூக ஜனநாயகக் கட்சியே குடியேற்றக் கடுமையைத் தன் கொள்கையாக்கிக்கொண்டு 2019-இல் ஆட்சிக்கு வந்தது; டேனிஷ் மக்கள் கட்சி அதே தேர்தலில் 8.7 விழுக்காட்டுக்குச் சுருங்கியது. புகலிட விண்ணப்பங்களை ஐரோப்பாவுக்கு வெளியே வைத்துப் பரிசீலிக்க இடமளிக்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. இதை மனிதநேயத்தின் தோல்வியாகப் பார்ப்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குடியேற்றத்தில் உச்சக் கடுமை காட்டிய இந்த ஆட்சிதான் கடந்த அரை நூற்றாண்டில் ஐரோப்பாவுடன் மிக நெருங்கிய டேனிஷ் ஆட்சியும்கூட.

குடியுரிமை விலக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்றியக் குடியுரிமை தேசியக் குடியுரிமைக்கு மாற்றாகாது என்ற உறுதிமொழி ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தில் எல்லா நாடுகளுக்கும் பொதுவாகச் சேர்க்கப்பட்டதும் அது வெற்றுத்தாளாகிவிட்டது. நாணய விலக்கு, 2000 செப்டம்பரில் 53.2 விழுக்காட்டினர் யூரோவை மறுத்ததால் நீடிக்கிறது; எனினும் டேனிஷ் நாணயமான குரோனரின் மதிப்பு ஒரு யூரோவுக்கு 7.46 என்ற அளவில் கட்டிவைக்கப்பட்டிருப்பதால், ஃபிராங்க்ஃபர்ட்டிலுள்ள ஐரோப்பிய மத்திய வங்கியில் எடுக்கப்படும் வட்டி முடிவை டேனிஷ் மத்திய வங்கி பின்பற்றவே செய்கிறது.

பாதுகாப்பு விலக்கின் கதை வேறு. அதைக் கேட்டு வாங்கியது இடதுசாரிகள், குறிப்பாகச் சோசலிச மக்கள் கட்சி. 1980-களில் நேட்டோவின் ஏவுகணை முடிவுகளுக்கு மறுப்புக் குறிப்பு எழுதவைத்த அதே மனப்பாங்கு இதிலும் இருந்தது. ஆனால் விளைவு அமைதி நாட்டமாக அமையவில்லை. விலக்கின் காரணமாக டென்மார்க் 2004-இல் போஸ்னியாப் பணி நேட்டோவிடமிருந்து ஒன்றியத்துக்கு மாறியபோது தன் படையினரைத் திரும்ப அழைத்தது. சோமாலியக் கடற்கொள்ளைக்கு எதிராக ஒன்றியக் கடற்படையில் சேராமல் நேட்டோ கப்பல்களோடு போனது. 2002-இல் ஒன்றியத்தின் தலைமையை ஏற்ற ஆறு மாதங்களிலும் பாதுகாப்புக் கூட்டங்களை நடத்தும் பொறுப்பைக் கிரேக்கத்திடம் விட்டது. மறுபுறம், 2003 ஈராக் போரில் பிரான்சும் ஜெர்மனியும் எதிர்த்து நின்றபோது அமெரிக்காவோடு சேர்ந்தது. ஆப்கானிஸ்தானில் 40-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. ஆக, அந்த விலக்கு நடைமுறையில் அட்லாண்டிக் சார்பாகவே, அதாவது அமெரிக்காவையும் நேட்டோவையும் சார்ந்ததாகவே முடிந்தது. அதை எழுதிய இடதுசாரிகள் விரும்பியிருக்கவே முடியாத முடிவு இது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பின், மார்ச் 6 அன்று ஐந்து கட்சிகள் உடன்பாடு ஒன்றில் ஒப்பமிட்டன. விலக்கின் தாயான சோசலிச மக்கள் கட்சியும் அவற்றில் ஒன்று. ஜூன் 1 வாக்கெடுப்பில் 66.9 விழுக்காட்டினர் அதை நீக்க வாக்களித்தனர். ஆனால் வாக்களித்தவர்கள் 65.8 விழுக்காட்டினர் மட்டுமே; 1992-இல் 83 விழுக்காட்டினர் வந்திருந்தனர். 1686 முதல் கொண்டாடப்பட்ட பெருவழிபாட்டு நாள் விடுமுறையைப் பாதுகாப்புச் செலவுக்காக 2024 முதல் அரசு நீக்கியபோது தெருவுக்கு வந்த சினத்தை ஒப்பிட்டால், விலக்கின் நீக்கத்தை யாரும் இழப்பாகவே கருதவில்லை எனலாம்.

அட்லாண்டிக் சார்பு ஆட்டம் கண்டது பிறகுதான். கிரீன்லாந்து 1972-இல் ஐரோப்பாவைப் பெரும்பான்மையாக மறுத்தும் டென்மார்க்கோடு சேர்த்து உள்ளே இழுக்கப்பட்ட தீவு. தன்னாட்சி பெற்றதும் 1982-இல் மீன்பிடி உரிமையை முன்னிறுத்தி வாக்கெடுப்பு நடத்தி, 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறியது. அந்தத் தீவை அமெரிக்க அதிபர் டிரம்ப் தமக்கு வேண்டுமென்று மீண்டும் கேட்டபோது, 2025 ஜனவரி இறுதியில் ஃபிரெடெரிக்சன் ஆதரவு தேடிப் போன இடங்கள் பெர்லின், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ். தங்கள் இறைமையை விழுங்கிவிடும் என்று 1992-இல் டேனியர்கள் எந்தத் திசையை அஞ்சினார்களோ, இறைமைக்குக் காப்புத் தேடி அதே திசைக்கே போக நேர்ந்தது.

இனி இரண்டாம் பகுதிக்கு விடை. பாதுகாப்பு விலக்கு போனது அச்சத்தின் திசை மாறியதால். ஐரோப்பாவைப் பற்றிய பொதுவான மனமாற்றம் அதற்குத் தேவைப்படவில்லை. எனவே மற்ற இரண்டும் அதைத் தொடர்ந்து போகும் என்று எதிர்பார்ப்பதற்கு இல்லை. நாணய விலக்கு, தேவையென்று ஓர் அரசு துணிந்தால், மீண்டும் வாக்கெடுப்புக்கு வரக்கூடியது; நடைமுறையில் இழக்க ஏதுமில்லை. நீதி–உள்துறை விலக்கு அப்படிப்பட்டதன்று. 2024-இல் ஏற்கப்பட்டு 2026 ஜூன் முதல் நடைமுறைக்கு வரவேண்டிய ஒன்றியக் குடியேற்ற உடன்படிக்கையின் பெரும்பகுதி டென்மார்க்கைக் கட்டுப்படுத்தாது. எனினும் 2025-இன் பிற்பாதியில் ஒன்றியத்தின் தலைமையில் இருந்தபோது புகலிட விதிகளை இறுக்கும் பேச்சுகளை நடத்தியதே டென்மார்க்தான். வெளியே நின்றபடியே உள்ளே இருப்பவர்களின் விதியைத் தனக்கு உகந்த பக்கம் சாய்க்க முடிகிறபோது, உள்ளே போவதற்கான தேவையை எந்த டேனிஷ் பிரதமர் தன் வாக்காளரிடம் எடுத்துச் சொல்வார்? புகலிடத்தை முற்றாக ஒதுக்கிவைத்துக் கேட்ட 2015-லேயே கிடைக்காத ஒப்புதலை, சமூக ஜனநாயகக் கட்சியும் அதன் எதிரணியும் அந்த விலக்கை நம்பியே சட்டம் இயற்றும் இக்காலத்தில் கேட்க எவரும் முன்வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு.